அமெரிக்க வேட்பாளர்களுக்கு என் கணவர் போட்ட புள்ளிகள்

1

என் கணவர் யோசேப் காலமான பிறகு அவருடைய மேசை லாச்சியைத் துப்புரவாக்கும்போது ஒரு கட்டுத் தாள் வந்தது. கதை அதிலிருந்துதான். முதலில் இப்படித் தொடங்கினேன்: "1984 ஒக்டோபரில் பிரெடெரிசியாவில் மழை –"

வேண்டாம். டென்மார்க்கில் ஒக்டோபரில் மழை பெய்தது ஒரு செய்தியா?

இப்படி வைத்துக்கொள்வோம்: மன்னாரில் வரலாறு படிப்பித்து, பிறகு என்னோடு டென்மார்க்குக்கு அகதியாக வந்த என் கணவர், அந்த ஒக்டோபரில் அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர்களின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.

2

தேர்தல் பேச்சை வைத்துப் பார்த்தால் யார் எவ்வளவு சண்டைக்காரர்? நூற்றுக்குப் புள்ளி. நூலகத்தில் பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளைப் புரட்டி, டேனிஷ் வகுப்புத் தாள்களின் பின்புறத்தில் அட்டவணை கீறினார். 1916: நாட்டைப் போருக்கு வெளியே வைத்திருந்தவர் என்று வாக்குக் கேட்ட வில்சனுக்குப் பதினைந்து. 1964: கோல்ட்வாட்டருக்குத் தொண்ணூறு, ஜோன்சனுக்கு இருபது.

பக்கத்து வீட்டுத் தவராஜா விடமாட்டான்.

"மாஸ்டர், வில்சன் வென்று அடுத்த வருசமே சண்டைக்குப் போனவரெல்லே?"

"ஓம்."

"ஜோன்சன் வியட்நாமுக்கு ஆக்களை அள்ளி அனுப்பினவர்?"

"ஓம்."

"பேந்தென்ன இருபது?"

"தாளில எழுதினதுக்குத்தான் தம்பி புள்ளி. சோதினை முடிஞ்சு வெளியில போய் ஆருக்கு அடிச்சாலும் நான் கூட்டேலாது."

"உங்களிட்டப் படிச்சவங்கள் பாவம்!"

(தவராஜாவை இங்கே கொஞ்சம் கெட்டிக்காரனாக்கிவிட்டேன். கோபிக்கமாட்டான்.)

3

அந்த வாரம் என் தம்பி நீக்கிலாஸின் கடிதம் மன்னாரிலிருந்து வந்தது. வயது இருபத்துமூன்று. கிழக்கு பெர்லின் வழியாக எங்களிடம் வர ஏஜென்சிக்காரன் ஒழுங்கு செய்திருந்தான். "அக்கா, வெளிக்கிடவோ, பொறுக்கவோ? அத்தானைக் கேட்டு எழுது."

4

1980இல் ரேகனுக்கு எண்பத்தைந்து. 1984இல் அவர் ரஷ்யாவைப் பற்றி மெதுவாகப் பேசத் தொடங்கியதும் யோசேப் ஐம்பத்தைந்தாகக் குறைத்தார். மொண்டேலுக்கு முப்பத்தைந்து. "ஆர் வென்றாலும் காத்து மாறுது" என்றார்.

இந்தக் கதையின் முதல் பிரதியில் அவர் உடனே பேனையை எடுத்து எழுதினார்: "தேர்தல் முடியுமட்டும் பொறு. பெரியவன் அடங்கினால் கொழும்பும் அடங்கும்." தன் அட்டவணையைத் தானே நம்பி ஏமாந்த மாஸ்டர். வாசகருக்குப் பிடிக்கும் பாத்திரம். மறுப்புச் சொல்ல அவரும் உயிரோடு இல்லை.

5

அவர் உண்மையில் சொன்னது: "செலின், உது என்ர பொழுதுபோக்கு. பெடியனை உடன வெளிக்கிடச் சொல்லும்."

எழுதியது நான். பனி, தெரியாத எல்லை, பொலிஸ் என்று எனக்குப் பயம். என் சொல் போதாது என்று, அமெரிக்கத் தேர்தலையும் சேர்த்து, "பொறு, அத்தானும் அதைத்தான் சொல்லுறார்" என்று முடித்தேன். அவருக்குக் காட்டாமல் ஒட்டி அனுப்பினேன்.

நவம்பரில் ரேகன் வென்றார். டிசம்பர் நான்காம் திகதி மன்னாரில் இராணுவம் சுட்டுக் கொன்றவர்களில் நீக்கிலாஸும் ஒருவன்.

"சொன்னனீரெல்லே, வெளிக்கிடச் சொல்லி?" என்று யோசேப் ஒரேயொரு தடவை கேட்டார்.

"ஓம்" என்றேன்.

பிறகு அவர்

(இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும்.)

6

முடிவு அ: கடிதம் தொலைகிறது. நீக்கிலாஸ் டென்மார்க்கின் கெட்சர் துறைமுகத்தில் கப்பலால் இறங்கி, "என்னக்கா இது, குளிரோ கத்தியோ?" என்கிறான்.

முடிவு ஆ: கடிதம் கிடைக்கிறது. "அக்காவுக்கு விசர்" என்று சிரித்துவிட்டு வெளிக்கிடுகிறான்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் மன்னாரில் பஸ் மிதிபலகையில் ஒரு காலை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறான். சின்ன வயதிலிருந்தே என் சொல்லைத் தட்டாதவன். எழுதுவது நானாக இருக்கும்வரை அவன் ஏறமாட்டான்.

முடிவை நீங்கள் எழுதுங்கள். நான் வாய் திறக்கமாட்டேன்.