பூஜை போட்ட வைஃபை பெட்டி

ஆயுத பூஜை அன்று மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஆர்டர் பேச ஜெர்மனிக்கார அம்மாள் வீடியோவில் வருகிறாள் என்று தெரிந்ததிலிருந்து ஷோபாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஊரில் அன்றைக்கு மனுஷருக்கும் லீவு கிடையாது, மெஷினுக்கும் லீவு கிடையாது. தேதியை மாற்றச் சொல்லலாம்தான். ஆனால் ஏற்கெனவே ஒரு தடவை செல்போனில் பேசி, தகரக் கூரைக்குக் கீழே படம் ஏழு தடவை நின்று, கடைசியில் ஷோபா தும்மப் போகிற முகத்தோடு ஜெர்மனியில் உறைந்துபோனாள். "அடுத்த முறை ஒழுங்கான ஏற்பாட்டோடு வாருங்கள். பட்டறை முழுவதையும் நான் பார்க்க வேண்டும்" என்று எழுதியிருந்தாள் அந்த அம்மாள். இன்னொரு தவணை கேட்டால், வந்த கிராக்கி பக்கத்துக் கடைப் படி ஏறிவிடும்.

அடுகோடியில் கோவிந்தப்பாவின் லேத் பட்டறையில் ஷோபாவுக்குப் பதினோரு வருஷம். வால்வுகளுக்குப் போகும் பித்தளை வளையங்களை அளந்து, தேறியது எது, கழிசல் எது என்று பிரிப்பது அவள் வேலை. பட்டறைக்குப் பின்னால் ஒரு ஷெட் பூட்டிக் கிடந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன் ஆர்டர் இல்லாமல் அதை மூடியபோது ஒன்பது பெண்கள் வேலை இழந்தார்கள். ஒன்பது பேரும் நீலசந்திராவில் அவள் தெருக்காரர்கள். ஜெர்மனி ஆர்டர் வந்தால் ஷெட்டைத் திறந்து ஷோபா கையிலேயே விடுவதாகக் கோவிந்தப்பா சொல்லியிருந்தார். நாளை விஜயதசமி, நல்ல நாள். ஆர்டர் வராவிட்டால் ஷெட் சாவி அன்றைக்கே வாடகைக்கு வெங்காய மண்டிக்காரருக்குப் போய்விடும்.

ஒழுங்கான ஏற்பாட்டுக்கு ஷங்கரைப் பிடித்தார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் எந்தக் கம்பெனி காலி செய்தாலும் நாற்காலிச் சூடு ஆறுவதற்குள் போய் நிற்கும் பழைய சாமான் வியாபாரி அவன். முந்தின நாளே வந்து இடம் பார்த்து, வைஃபை பாஸ்வேர்டைத் தன் போனில் போட்டு, "நாலு கோடு ஃபுல்லா காட்டுது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். இன்று பன்னிரண்டரைக்கு, சக்கரம் வைத்த ஸ்டாண்டில் பெரிய டிவியும் அதன் தலையில் கேமராவுமாகத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"வயர்லெஸ் மாடல்மா. வயரே வாணாம்."

ஷோபா பின்பக்கம் கைவிட்டுத் தடவினாள். "நெட் வயர் சொருகுற எடம் நசுங்கி இருக்குதே?"

"அதத்தான் வயர்லெஸ்னு சொல்றேன்."

அவன் தொழிலில் குறையை மறைக்க மாட்டார்கள். அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள்.

லேத்துகளுக்கு எதிரே டிவியை நிறுத்தி, நெட்வொர்க்கைத் தேர்ந்து, பாஸ்வேர்டை அடித்தான். வட்டம் சுற்றியது. சேர்ந்தது. உடனே அறுந்தது. மறுபடி சுற்றியது, மறுபடி அறுந்தது. மணி ஒன்று.

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு? வைஃபை பொட்டி எங்க மாட்டியிருக்கு?" என்று சுவரைப் பார்த்தான். சுவரில் ஆணிதான் இருந்தது.

பெருக்கித் துடைத்து மெஷின்களுக்கு எண்ணெய் விடும் பாஞ்சாலி பெருமையோடு முன்னே வந்தாள். வருஷா வருஷம் பூஜை அலங்காரம் முழுக்க அவள் பொறுப்பு.

"லேத்துக்குப் பொட்டு வெக்கிறோம், டிரில்லுக்கு மால போடுறோம். ஜெர்மனிலர்ந்து சேதி கொண்டார பொட்டிக்கு ஒண்ணும் வாணாமா? அதுக்குத்தான் இந்த வருசம் தனியா மண்டபம்!"

பட்டறைக் கோடியில், முக்காலி மேல், தெர்மாகோலில் வெள்ளித்தாள் ஒட்டிய சின்ன மண்டபம். மேலே, பின்னால், இரண்டு பக்கமும் வெள்ளித்தாள். உள்ளே சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு, சாமந்தி மாலைக்கு நடுவே இரண்டு பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு வைஃபை பெட்டி எழுந்தருளியிருந்தது.

ஷங்கர் தலையில் கைவைத்தான். "யக்கா, வெள்ளித்தாள சுத்தி வெச்சா சிக்னல் எப்டிக்கா வரும்? எடு அத."

"பேடா, பேடா!" வேண்டாம் என்று கன்னடத்தில் தடுத்துக்கொண்டே கோவிந்தப்பா ஓடிவந்தார். "பூஜை ஆயித்து. நாளைக்கு மறுபூஜை ஆகற வரைக்கும் யாரும் கை வெக்கக் கூடாது."

அந்தப் பட்டறையில் கற்பூரம் காட்டிவிட்டால் மறுநாள் காலைவரை ஸ்பேனரைக்கூட யாரும் தொடுவதில்லை. மெஷின் ஓடாது, ஆயுதம் அசையாது. ஷோபாவின் பதினோரு வருஷத்தில் அது ஒருமுறையும் தவறியதில்லை.

ஷங்கர் பேரத்தில் இறங்கினான். "சரி சார், பொட்டி அங்கியே இருக்கட்டும். பின்பக்கத் தாள மட்டும் எடுத்துடலாம்."

"இல்ல."

"ஒரு மூணு இஞ்சு திருப்பி வெச்சிக்கலாம்."

"சாமிகிட்டயே பேரமாடா?" என்றாள் பாஞ்சாலி. "இந்தா, பொரி துன்னு. வாய் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும்."

பொரியும் கடலையும் மண்டபத்துக்கு முன்னால் தட்டில் இருந்தன. ஷங்கர் சுற்றிக்கொண்டு போய்க் குனிந்து ஒரு கை அள்ளினான். அவன் சட்டைப் பையில் போன் டிங், டிங், டிங் என்று ஒன்பது தடவை அடித்தது.

ஷோபா நிமிர்ந்தாள். "அங்கியே நில்லு. அசையாத. எத்தினி கோடு காட்டுது?"

ஷங்கர் போனை எடுத்துப் பார்த்தான். "நாலு!"

விஷயம் புரிந்துவிட்டது. மண்டபத்தைக் கிழக்குப் பார்க்க வைத்திருந்தாள் பாஞ்சாலி. அதன் முதுகுதான் லேத்துகள் பக்கம் இருந்தது. மூன்று பக்கமும் தாள், வாசல் மட்டும் திறப்பு. இத்தனை நேரம் சந்நிதிக்குப் பின்னால் நின்றுகொண்டு சாமி தெரியவில்லை என்று புலம்பியிருக்கிறார்கள்.

"சாமி திரும்ப வாணாம் சார், நாமதான் கும்புடுற எடத்துக்குப் போவணும்" என்றாள் ஷோபா. "டிவியை அங்க தள்ளு."

மண்டபத்துக்கு நேர் எதிரே டிவி போய் நின்றது. கேமரா உயரத்தில் இருந்ததால் மண்டபத்தின் தலைக்கு மேலாக லேத் வரிசை முழுவதும் தெரிந்தது. வட்டம் ஒரே சுற்றில் நின்றது. ஒன்று இருபத்தெட்டு.

ஒன்றரைக்கு, சாமிக்கு நேர் எதிரில், நரைத்த குட்டை முடியோடு அந்த அம்மாள் தோன்றினாள். பாஞ்சாலி அவளுக்கும் சேர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"முன்னால் பளபளவென்று இருக்கிறதே, அது என்ன?"

வெளியூர்க் கடிதங்கள் எழுதிப் பழகிய ஆங்கிலத்தில் ஷோபா பூஜை மண்டபத்தை விளக்கினாள். அம்மாள் தலையாட்டினாள். "நல்லது. இப்போது மெஷினை ஓட்டிக் காட்டுங்கள்."

கோவிந்தப்பா ஷோபாவின் பக்கம் சாய்ந்தார். "கரென்ட் போச்சுன்னு சொல்லு" என்று கிசுகிசுத்தார். தலைக்கு மேல் ஆறு டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

ஷோபா மாட்டேன் என்று தலையாட்டினாள். பொய் சொன்ன கடைக்கு இரண்டாம் முறை யார் வருவார்கள்? "மேடம், இன்றைக்கு மெஷினுக்கு விடுமுறை. வருஷத்தில் இந்த ஒரு நாள்தான். கழுவி, துடைத்து, கும்பிட்டு ஓய்வு கொடுத்திருக்கிறோம். நாளைக் காலை ஓடும்."

படம் உறைந்துவிட்டதோ என்று ஷங்கர் எட்டிப் பார்த்தான். அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இரண்டாவது லேத்தைக் கிட்டத்தில் காட்டுங்கள்."

ஷங்கர் ரிமோட்டை அழுத்தினான். மாலைக்குக் கீழே, மெஷினின் நீள இரும்புப் படுக்கை துளி பிசிறு இல்லாமல், துரு இல்லாமல், எண்ணெய் மினுமினுப்போடு திரையில் பெரிதானது. அம்மாள் மூன்றாவதைக் கேட்டாள், பிறகு ஐந்தாவதை.

"ஓடுகிற மெஷினை எல்லாரும் காட்டுகிறார்கள்" என்றாள். "சத்தத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. நிற்கிற மெஷினில்தான் தேய்மானம் தெரியும். முதலில் ஆறாயிரம் வளையம் அனுப்புங்கள். ஆறு வாரத்தில் முடியுமா?"

"முடியும், முடியும்" என்று கோவிந்தப்பா பாய்ந்தார்.

"முடியாது மேடம்" என்றாள் ஷோபா. அவர் திரும்பி அவளை முறைத்தார். ஷோபா திரையை மட்டும் பார்த்தாள். "இந்த ஆட்களை வைத்துக்கொண்டு முடியாது. பின்னால் ஒரு ஷெட் இருக்கிறது. அதைத் திறந்து ஒன்பது பேரைச் சேர்த்தால் எட்டு வாரத்தில் முடியும். சரியான அளவில் வரும், அதற்கு நான் பொறுப்பு."

"அந்த ஷெட்டை எப்போது திறக்கிறீர்கள்?" அம்மாள் கோவிந்தப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

ஜெர்மனி ஒரு பக்கம், சாமி ஒரு பக்கம், நடுவில் கோவிந்தப்பா. தொண்டையைச் செருமினார். "டுமாரோ, மேடம். குட் டே."

"எட்டு வாரம். சரி. எழுத்தில் அனுப்புகிறேன்."

படம் மறைந்ததும் பாஞ்சாலி விசில் அடித்தாள். ஷங்கர் டிவியைத் தட்டிக்கொடுத்து, "பாத்தியாமா? வயர்லெஸ்!" என்றான்.

கோவிந்தப்பா ஸ்டூலில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "ஏனம்மா, நிதானமா நாலு நாள் பாத்துட்டு மெதுவா திறக்கலாம்னு இருந்தேன். அவங்கள வெச்சே என்னை மடக்கிட்டியே."

"உங்ககிட்டதான் சார் கத்துக்கினேன். மண்டிக்காரருக்கு ஒரு போன் போட்டுடுங்க."

"சாயங்காலம் போடறேன்."

"இப்பவே போடுங்க சார். நா இங்கதான் நிக்கிறேன்."

அவர் எண்ணைத் தேடி அழுத்தி, நலம் விசாரித்து, வெங்காய விலை பேசி, கடைசியில் "ஷெட் இப்போ காலி இல்ல சாமி, நம்ம பொண்ணுங்க வராங்க" என்று சொல்லி முடிக்கும்வரை ஷோபா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.