டாக்கெட் கடைத் தாழ்ப்பாள்

திங்கட்கிழமை பொரித்த கோழிக் கடைக்கு விடுமுறை. அன்றைக்குத்தான் ராய்ஸ் டாக்கெட் சரக்கறைக்குள் போய், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, பொரிக்கிற கோழிக்கு மசாலா கலப்பான். அவன் அப்பா வர்ஜிலும் அப்படித்தான் கலந்தார். கட்டின பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாத கலவை என்று பைன் ஃபோர்க் ஊரே பெருமை பேசும். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக்காரன், கேட்டால் காரைக்கூட இரவல் கொடுத்துவிடுவான். கோழி மசாலாவை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டான்.

தாழ்ப்பாளுக்குப் பின்னால் ராய்ஸ் செய்ததெல்லாம் டப்பாக்களைத் திறந்து திறந்து முகர்ந்து பார்ப்பதுதான். அவனுக்கு அந்த மசாலா தெரியாது.

"வாடா, கத்துக் குடுக்கறேன்" என்று வர்ஜில் கூப்பிட்ட திங்கட்கிழமைகள் எத்தனையோ. ராய்ஸுக்கு அப்போது ஏரியில் மீன் பிடிக்கிற பைத்தியம். "அடுத்த வாரம்ப்பா" என்று தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். ஒரு நாள் காலை கல்லாவுக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த மனுஷன் எழுந்திருக்கவே இல்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்த கையோடு, "மசாலாவை உனக்குச் சொல்லிட்டாரில்ல?" என்று கேட்டார்கள். "சொல்லிட்டார்" என்றான். அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்ன பொய் அது. இப்போது நினைத்தாலும் அவனுக்குக் காது சுடும்.

அதற்குப் பிறகு வருஷக்கணக்காக எல்லாம் குத்துமதிப்புதான். உப்பு, மிளகு, பாப்ரிகா, சேஜ் இலைத் தூள் வரை எந்த வீட்டிலும் போடுவார்கள். அதற்கு மேல் ஏதோ ஒன்று இருந்தது, அது பிடிபடவில்லை. ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். "நல்லாத்தான் இருக்கு ராய்ஸு" என்று சொல்லிவிட்டு, அடுத்த முறை வருவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனார்கள். தேவாலயச் சபை விருந்துக்கு மட்டும் வேறு யாரும் பொரித்த கோழி கொண்டுவர மாட்டார்கள், அது டாக்கெட் வீட்டு உரிமை. மீந்த கோழியை அவன் மனைவி டார்லா வாயே திறக்காமல் வீட்டுக்குத் திருப்பி எடுத்து வருவாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்குத் தோன்றும்.

சபையில் பியானோ வாசிக்கிற, ஊரே மரியாதையாக 'மிஸ்' போட்டுக் கூப்பிடுகிற மிஸ் ஓலீட்டாவின் கணவர் எல்டன் படுத்த படுக்கையாகிவிட்டார். டார்லா ஒரு பெட்டியில் கோழியைக் கட்டிக் கொடுத்தாள்.

"நீயே போய்க் குடுத்துட்டு வா. உங்கப்பான்னா அவருக்கு உசுரு."

மிஸ் ஓலீட்டா வீட்டுப் படியில் கால் வைத்ததுமே ராய்ஸ் நின்றுவிட்டான். திங்கட்கிழமை சாயங்காலம் அப்பா சட்டையைக் கழற்றிப் போடும்போது வருகிற அதே வாசனை. வலைக்கதவைத் தட்டாமலே தள்ளிக்கொண்டு உள்ளே போனான். அடுப்பில் இரும்புச் சட்டி, அதில் கொழுப்பு கொதித்துக்கொண்டிருந்தது. மிஸ் ஓலீட்டா திரும்பிப் பார்த்தாள். சட்டென்று ஒரு துணியை எடுத்துத் தட்டை மூடினாள்.

"ஐயையோ, ராய்ஸா! இப்படியா வந்து நிப்பே!"

உள்ளறையிலிருந்து எல்டனின் குரல் வந்தது. மனிதருக்குக் காது மந்தம். அவர் பேசினால் தெருவுக்கே கேட்கும். "ஓலீட்டா! இன்னொரு தொடை வைம்மா! வர்ஜிலே எழுந்து வந்து பொரிச்ச மாதிரி இருக்கு!"

"சும்மா இருங்களேன்!" என்று அவள் கத்தினாள். அவருக்கு அது கேட்டிருக்க நியாயமில்லை.

அவள் முகம் சிவந்துபோயிருந்தது. "தப்புதான் கண்ணு. அவருக்குத் தொண்டையில எதுவுமே இறங்கல. வர்ஜில் பொரிச்ச பழைய கோழி, பழைய கோழின்னு ஒரே புலம்பல். உன் கடைக்கு வந்து அதைச் சொன்னா உன் மனசு நோகுமேன்னு, நானே முகர்ந்து பார்த்து, போட்டுப் பார்த்து, எவ்வளவோ முட்டிக்கிட்டேன். ஒருநாள் கேக்குக்குப் போடற சாமான் ஒண்ண எடுத்தேன் பாரு, மூக்குலயே வந்து நின்னுட்டார் உங்கப்பா. எதுன்னு நான் சொல்லணுமா, உனக்குத் தெரியாததா!"

"ம்ம்" என்றான் ராய்ஸ்.

துணியை விலக்கி ஒரு கோழித் துண்டை எடுத்துக் கடித்தான். அப்பாதான். ஏரிக்குப் போகிற அவசரத்தில் நின்றுகொண்டே தின்ற கோழி. அவன் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, அழறியே! உங்கப்பா சொத்துல கை வெச்சுட்டேன், பாவி நான்."

அந்த நிமிஷம் ஒரே ஒரு வார்த்தை போதும். எனக்குத் தெரியாது, சொல்லிக் கொடுங்கள் என்றால் அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்துச் சொல்லியிருப்பாள். ராய்ஸ் அதை மென்று முழுங்கினான்.

"இது எங்க வீட்டு விஷயம், மிஸ் ஓலீட்டா" என்றான். "வெளிய போகக் கூடாது."

அவள் அலமாரியிலிருந்து ஒரு பெரிய கண்ணாடி ஜாடியை எடுத்து அவன் கையில் வைத்தாள். கழுத்து வரைக்கும் மசாலா. "இந்தா, எல்லாம் இதுலதான் இருக்கு. இனிமே இந்த வீட்டுல இது பொரியாது, சத்தியம். என்ன மன்னிச்சுடு."

"பரவால்ல. மன்னிச்சுட்டேன்" என்றான்.

மன்னித்தானாம்! தன் கடைக் கோழியை மேஜைமேல் வைத்துவிட்டு, ஜாடியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

அந்த வாரமே கடையில் கூட்டம் கூடியது. "உங்கப்பன் கை உனக்கு வந்துடுச்சுடா!" என்று ஆளுக்கு ஆள் முதுகில் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அவன் கூனிக் குறுகினான். அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஜாடி இறங்கிக்கொண்டே வந்தது. கேக்குக்குப் போடுகிற சாமான்களாகத் தேடி ஜாதிக்காயைப் போட்டுப் பார்த்தான், பட்டையைப் போட்டான், ஒரு திங்கட்கிழமை வெனிலாவைக்கூட விட்டான். டார்லா கடித்துப் பார்த்துவிட்டு, "இது கோழியா, பொறந்தநாள் கேக்கா?" என்று கேட்டாள். கடைசியில் ஜாடியின் அடியைக் கரண்டியால் சுரண்டினான்.

அதற்கு அடுத்த ஞாயிறு சபையில், அவரவர் எழுந்து மனசில் உள்ளதைச் சாட்சியாகச் சொல்கிற நேரத்தில், மிஸ் ஓலீட்டா பியானோவை விட்டு எழுந்தாள்.

"எல்டனால வர முடியல. அவருக்கும் சேர்த்து நான்தான் சொல்லணும். நாங்க ரெண்டு பேரும் டாக்கெட் வீட்டு ரகசியத்தைத் திருடிச் சாப்பிட்டோம். ராய்ஸ் அதைக் கையும் களவுமா பிடிச்சான். ஒரு கோவ வார்த்தை சொல்லல. ஜாடிய வாங்கிக்கிட்டு அங்கேயே மன்னிச்சுட்டான். அப்படி ஒரு மனசு யாருக்கு வரும்?"

"ஆமென்!" என்றது சபை. பின்வரிசையிலிருந்து இரண்டு கைகள் ராய்ஸின் தோளைப் பிடித்து அமுக்கின. டார்லா திரும்பிப் பார்த்தாள்.

"எந்த ஜாடி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் அவன் எழுந்தான். மிஸ் ஓலீட்டாவைக் கட்டித் தழுவப் போகிறான் என்று போதகர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"அவங்க திருடல" என்றான் ராய்ஸ். "அப்பா எனக்குச் சொல்லவே இல்ல. நான் கத்துக்கவும் இல்ல. அந்தத் தாழ்ப்பாளுக்குப் பின்னாடி ஒண்ணுமே கிடையாது. இத்தன வாரமா நீங்க தின்னது மிஸ் ஓலீட்டா கலந்தது. அவங்கள மெரட்டி வாங்கிட்டு வந்தேன்."

முன்வரிசையில் கிழவர் ஹெர்ஷல் தொண்டையைச் செருமினார்.

"ஜாடி விஷயம் புதுசு. மத்ததெல்லாம் உங்கப்பன் செத்த மாசமே தெரியும்டா. எங்களுக்கு நாக்கு இல்லயா?"

சபை குலுங்கிச் சிரித்தது. போதகர் வேதப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். இத்தனை வருஷமும் எல்லோரும் தெரிந்துகொண்டேதான் அவன் கோழியைத் தின்று, நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது. இருந்தாலும் பாரம் இறங்கியது போலவும் இருந்தது. அவனும் அசடு வழியச் சிரித்தான். சிரித்துக்கொண்டே மிஸ் ஓலீட்டாவைப் பார்த்தான்.

அவள் சிரிக்கவில்லை.

"கடை விஷயம் கிடக்கட்டும் ராய்ஸு" என்றாள். "அன்னியிலேர்ந்து அவர் சரியா சாப்பிடல. திருட்டுக் கோழி வேணாம்னுட்டார். உன் கடையிலேர்ந்து வாங்கிட்டு வரட்டுமான்னு கேட்டேன். வர்ஜில் மகனோட முகத்துல எப்படி முழிக்கிறதுன்னார். இப்ப நான் போய் அவர்கிட்ட என்னன்னு சொல்ல? நீயே வா."



அவள் காரில் பக்கத்தில் உட்கார்ந்து போனான். வீட்டுத் திருப்பம் வந்ததும், அவன் பக்கம் முகத்தைத் திருப்பாமலே, "ஜாதிபத்திரி" என்றாள். "ஜாதிக்காய் இல்ல, மேல இருக்கிற பத்திரி. கொஞ்சமா போடு." அவள் கன்னத்தில் அறைந்திருந்தால் அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

எல்டன் தலையணையில் சாய்ந்திருந்தார். சட்டைக் கழுத்து இரண்டு விரற்கடை தொளதொளத்துப் போயிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது, எதிர் வீட்டு வராந்தாவில் நாலு பேர் உட்கார்ந்து ஐஸ் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ராய்ஸைப் பார்த்ததும் அவர் தட்டுத் தடுமாறிக் கையை நீட்டினார்.

"மன்னிச்சுட்டியாப்பா?"

ராய்ஸ் கட்டிலோரம் மண்டியிட்டான். "நீங்கதான் என்ன மன்னிக்கணும், எல்டன். திருடன் நான்" என்று முணுமுணுத்தான்.

எல்டன் காதில் கையைக் குவித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். "என்னது? சத்தமா சொல்லுப்பா."

அவன் மிஸ் ஓலீட்டாவைப் பார்த்தான். அவள் நிலைப்படியில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஜன்னலைச் சாத்த அவள் நகரவில்லை. ராய்ஸ் மூச்சை இழுத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி, மறுபடியும் முதலிலிருந்து சொன்னான்.