அடைப்புக்குறிக்குள் கணவர்

கல்லூரியில் எல்லோருக்கும் அவள் டெய்லரக்கா. பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, ஐம்பது வயதில் எம்.ஏ. படிக்கப் போனவள். வாடகை வீட்டுச் சமையலறைகளில் சாமான்களை எப்படி அடுக்குகிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆய்வு. ஊரார் அலமாரிகளையெல்லாம் அலசித் தீர்த்தவள், கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் கோட்டை விட்டாள். ஆதார நூல்களை அகர வரிசையில் போடாமல், எழுதியவர்களின் வயது வரிசையில் போட்டிருந்தாள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ‘அவர்கள்’ வேறு.

“பெரியவங்கள கீழ போட்டா மரியாதையா இருக்காதே மேடம்?”

அவள் மகள் வயதே ஆன பேராசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிவப்புப் பேனா கடைசி வரியில் வந்து நின்றது: ‘என் கணவர் அவர்கள், பஸ் டிரைவர்.’

“இவர் ஏதாவது புத்தகம் எழுதியிருக்காரா?”

“அவரா? கையெழுத்துப் போடவே சோம்பல்படுவார்.”

“அப்போ பட்டியல்ல வர முடியாதுக்கா. எடுத்துடுங்க.”

டெய்லரக்காவுக்குச் சுருக்கென்றது. தினமும் எடுக்கும் டப்பா எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதை வைத்தே அந்த வீட்டில் சமைப்பது யாரென்று சொல்லிவிடலாம். இதைக் கண்டுபிடித்தது அவர்தானே!

“அப்ப கட்டுரையில அந்த டப்பா உயரம் பத்தின வரியையும் எடுத்துடறேன் மேடம். அவர் சொன்னத என்னுதுன்னு போட்டுக்க மனசு வரல.”

“ஐயோ, கட்டுரைக்கு உயிரே அதுதான். அது இல்லாட்டி தேறாதுக்கா.” பேராசிரியை நெற்றியைத் தேய்த்தார். “வாயால சொன்னதுக்கும் வழி இருக்கு. அந்த வரிக்குப் பக்கத்துலயே அடைப்புக்குறி போட்டு அவர் பேர், ‘நேர்ப்பேச்சு’, சொன்ன தேதி. தேதி நினைவிருக்கா?”

“மறக்குமா? அன்னிக்கு எங்களுக்குப் பெரிய சண்டை. டீத்தூள் டப்பாவ மேல் தட்டுல வெச்சா எனக்கு எப்படி எட்டும்னு கத்தினேன். ‘இப்ப இந்த வீட்டுல டீ போடுறது நான்தான்னு அதுலயே தெரியலையா’ன்னு அவரும் கத்தினார்.”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வீட்டுக் கூடத்தில் கணவரின் பாராட்டுச் சான்றிதழ் தொங்கிக்கொண்டிருந்தது. டிப்போவில் சாவிகள் மாறிப்போகாமல் இருக்க, ரூட்டுக்கு ஒரு நிறத்தில் கயிறு கட்டச் சொன்னதற்காக மேனேஜர் கொடுத்தது. தையல் மிஷினில் உட்கார்ந்தபடி அந்த யோசனையைச் சொன்னவள் டெய்லரக்கா. அவர் வெளியே மூச்சுவிடவில்லை, அவளும் குத்திக்காட்டியதில்லை.

அச்சடித்த பக்கத்தை அவரிடம் நீட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடைப்புக்குறிக்குள் இருந்த தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“சண்டையில சொன்னதுக்குமா பேர் போடுவாங்க?”

“எங்க சொன்னா என்னங்க? யார் சொன்னாங்களோ அவங்க பேரைப் போடணும்.”

அவர் சான்றிதழைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டார்.

“சார், அந்தக் கலர் கயிறு யோசனை என்னுது இல்ல சார். என் வீட்டம்மா சொன்னது. ஆமா சார், நேர்ப்பேச்சு. தேதியா? இருங்க, கேட்டுச் சொல்றேன்.”

டெய்லரக்காவுக்கு வாயெல்லாம் பல். மாதக்கணக்காக மனசுக்குள்ளேயே வைத்திருந்த அந்தத் தேதியை, மேனேஜர் காதிலும் விழட்டும் என்று உரக்கச் சொன்னாள்.