அக்கரையில் கேட்ட குரல்

பிரச்சார ஆட்டோ தெருமுனையில் திரும்பும்போதே வெல்டர் கிரைண்டரைப் போட்டுவிடுவார். தேய்க்க வேலை இருக்கிறதோ இல்லையோ, சும்மா கிடக்கிற கம்பியையாவது எடுத்துத் தேய்ப்பார். அந்த இரைச்சலில் ஒலிபெருக்கி அமுங்கிப்போகும். ஆனாலும் ஒரு வரி மட்டும் எப்படியோ காதுக்குள் நுழைந்துவிடும். "விட்டுட்டுப் போகாதீங்க மேஜரே!" என்று எவனோ கூலிக்கு அழுத குரல். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மேஜரின் குரல்: "அன்னைக்கும் விடல, இன்னைக்கும் விடமாட்டேன்!"

குடிகாரன் பேச்சாவது விடிந்தால் போச்சு. மேடைக்காரன் பேச்சு விடிந்ததும் மைக்கில் வரும்.

சுவரெல்லாம் அந்தப் படம்தான். இடுப்பளவு ஆற்றுத் தண்ணீரில் மேஜர் நடந்து வருகிறார். தோளில் ஒருவன் தலைகீழாகத் தொங்குகிறான். போர்க்காலத்தில் எல்லாப் பத்திரிகையிலும் வந்த படம். அது மேஜரை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இப்போது சட்டசபைக்கும் கொண்டுபோகப் பார்க்கிறது. தோளில் தொங்குகிறவன்தான் நம் வெல்டர்.

"ஊருக்கெல்லாம் உங்க முதுகைத்தான் காட்டுறாங்க. மூஞ்சிய ஒரு தடவை திருப்பியிருக்கக் கூடாதா?" என்பாள் மனைவி.

அதில் அவருக்கு வருத்தமில்லை. மேஜர் தூக்கி வந்தது சத்தியம். தூக்காவிட்டால் இன்று இந்தப் பட்டறையும் இல்லை, இந்த வாயாடியும் இல்லை. ஆனால் ஆட்டோவில் அவர் கத்தினதாக வருகிற அந்த வரி அவர் சொன்னதல்ல. தொடையில் குண்டு வாங்கி, தோளில் ஏறிவிட்ட நிம்மதியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவன் எதற்கு அப்படிக் கத்துகிறான்? கத்தினவன் அக்கரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தவன். நெட்டை, ஒல்லி. 'ஒட்டடைக்குச்சி' என்று கூப்பிட்டார்கள். படைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சொந்தப் பேரை யாரும் கேட்கவில்லை. மேஜர் அவனுக்காகத் திரும்பிப் போகவில்லை. போயிருக்கவும் முடியாது, அப்படிச் சுட்டார்கள். அதுவும் சத்தியம்தான். ஆற்றைத் தாண்டும்வரை அந்தக் குரல் கூடவே வந்தது. கரையேறின பிறகு நின்றுவிட்டது என்று மற்றவர்கள் சொன்னார்கள். வெல்டருக்கு நிற்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் மேஜரே பட்டறைக்கு வந்தார். கூடவே வட்டச் செயலாளர்.

"கால் எப்படி இருக்கு?"

"மழை வர்றத முன்னாடியே சொல்லிடுது சார். ரேடியோவே தோத்துப்போகும்."

செயலாளர் சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "அண்ணே, நாளைக்கு மைதானத்துல கூட்டம். நீங்க மேடையேறி, 'விட்டுட்டுப் போகாதீங்கன்னு கேட்டேன், மேஜர் விடல'ன்னு சொன்னா போதும்."

"நான் அப்படிக் கேக்கலையே."

"யாரு கேட்டா என்னண்ணே? ஆத்துல கேட்டது ஆத்தோட போச்சு."

போன் வந்ததும் செயலாளர் வெளியே போனார். பாதி பற்றவைத்து நிறுத்தியிருந்த ஜன்னல் கம்பியையே மேஜர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு இன்னும் கேக்குதா?"

"தினமும் சார். உங்களுக்கு?"

"அதனாலதான்யா மைக்கில போட்டேன். ஊரே சேர்ந்து சொன்னா, அந்தச் சத்தத்துல அவன் குரல் கரைஞ்சுடும்னு நெனச்சேன்."

"கரைஞ்சுதா?"

மேஜர் வாசலுக்கு நடந்தார். "சொல்லிடு. உன்னைத் தூக்கினவன் கேக்குறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

ராத்திரி வெல்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"உசிரக் காப்பாத்தினவரு ஒரு வரி கேக்குறாரு. சொன்னா நாக்கு தேஞ்சா போயிடும்?" என்றாள் மனைவி.

"அது என் வரி இல்லடி."

"அப்ப யாரோடதோ அவனோடதுன்னு சொல்லிட்டு வாங்க. என் உசிர ஏன் வாங்குறீங்க?"

அவள் எரிச்சலில் சொன்னதுதான். அவருக்கு அது வழியாகப் பட்டது.

மறுநாள் மைதானத்தில் தலைக்குமேல் தலை. வெல்டர் நொண்டி நொண்டி மேடையேறினார். பேசிப் பழக்கமில்லாத வாய். பட்டென்று போட்டு உடைத்தார். "தோள்ல இருந்தவன் நான். நான் எதுவும் சொல்லல. அப்படிக் கத்தினவன் அக்கரையில கிடந்தான். நெட்டையா, ஒல்லியா ஒரு பையன். அவனை விட்டுட்டுத்தான் வந்தோம்."

செயலாளரின் முகம் செத்துப்போயிற்று. இத்தோடு மேஜர் கதை முடிந்தது என்றுதான் வெல்டரும் நினைத்தார்.

மேஜர் எழுந்து வந்தார். வெல்டரைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். கண்ணீர் வெல்டரின் கழுத்தில் சூடாக இறங்கியது. அது பொய்க் கண்ணீர் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த அழுகைக்கு நடுவிலும் மேஜரின் கை மைக்கைத் தடவாமல் பிடித்தது.

"ஆமா! ஒருத்தனை விட்டுட்டேன்! அதனாலதான் இனிமே உங்கள்ல ஒருத்தரையும் விடமாட்டேன்!"

மைதானம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். செயலாளருக்கு உயிர் திரும்பி வந்துவிட்டது. "அண்ணே, பிச்சுட்டீங்க!" என்று வெல்டரின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

விடிந்ததும் ஆட்டோவில் புது வரி வந்தது. "விட்டது ஒருவனை! விடமாட்டார் உங்களை!"

அன்று பத்து மணி வாக்கில் பட்டறை வாசலில் ஒரு அம்மா வந்து நின்றாள். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு போட்டோ. போருக்குப் போன மகன். செத்தான் என்றும் சேதியில்லை, இருக்கிறான் என்றும் சேதியில்லை.

"அக்கரையில கிடந்த புள்ள இவனா பாருங்கய்யா."

வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். உருண்டை முகம். பக்கத்தில் நிற்கிற சைக்கிளின் ஹேண்டில் பார் அவன் நெஞ்சுக்கு வருகிறது.

"அவன் நல்ல நெட்டைம்மா."

"நீங்க சொன்னதைக் கேட்டேன். இவன் குள்ளம்தான்." அவள் போட்டோவை முந்தானையால் துடைத்தாள். "ஆனா அங்க போன பிறகு வளர்ந்திருக்கலாம் இல்லய்யா? மீசையே சரியா முளைக்காத வயசுலதானே போனான்."

மேஜருக்காக ஒரு பொய் சொல்ல வராத வாய் அது.

"வளர்ந்திருப்பான்மா" என்றார் வெல்டர்.

அவள் அப்படியே வாசலில் உட்கார்ந்து அழுதாள். தண்ணீர் கொடுத்தார், குடித்தாள். எழுந்து போகும்போது சொன்னாள்: "என் ஓட்டு மேஜருக்குத்தான். இத்தனை வருஷத்துல என் புள்ளையைப் பத்தி வாயைத் திறந்த ஒரே ஆளு அவர்தானே."

அவள் போன பிறகு வெல்டர் ராடை ஹோல்டரில் மாட்டினார். வைத்த இடத்தில் பற்றவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது எதிர்ச் சுவர் ஓரமாக இன்னும் மூன்று பெண்கள், கையில் ஆளுக்கொரு போட்டோவோடு நின்றிருந்தார்கள். யார் முதலில் வருவது என்று அவர்களுக்குள் கூச்சம்.