வினையின் வால்

1

கோதண்டராமனைத் திட்டுவதற்காகத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். அதன் மேலாளர் அவர். அப்படியொரு கூடம் அங்கே இல்லை. அவரும் இல்லை. கோபம் மட்டும் உண்மை.

முதலில் எழுதிய தொடக்கம்: 'இன்றைய பெங்களூருவில் படித்த பெண்களின் நிலை—'

வேண்டாம். மேடைப் பேச்சு.

2

மேற்பார்வையாளர் பதவிக்கு இரண்டு பேர். ஒக்கலிபுரத்திலிருந்து தமயந்தி வந்தாள். வயது நாற்பது, எம்.எஸ்ஸி. படித்தவள், அந்தக் கூடத்திலேயே பத்து வருட அனுபவம். காக்ஸ் டவுனிலிருந்து லாயிட் வந்தார். வயது இருபத்தாறு, சேர்ந்து ஒரு வருடம்.

தேர்வுக் குழுவில் கோதண்டராமனும், தரக்கட்டுப்பாடு பார்க்கும் அனுஷாவும். (என் கோபத்தை அனுஷாவிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நேரில் எனக்கு இவ்வளவு பேச வராது.)

போன வாரம்தான் அங்கே, நம்மை அறியாமலே ஆண், பெண் என்று பேதம் காட்டும் மனச்சாய்வு பற்றி ஒரு பயிற்சி நடந்தது. அனுஷா எல்லாக் கேள்விகளுக்கும் சரியாக விடை எழுதினாள். கோதண்டராமன் பாதியில் எழுந்து காபி குடிக்கப் போனார்.

3

லாயிட்டின் நேர்காணல் முடிந்துவிட்டது. தமயந்தி வெளியே காத்திருந்தாள். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"அந்தப் பொண்ணு நல்லாத்தாம்மா வேலை செய்யுது," என்றார் கோதண்டராமன். "ஆனா நாலு பேரை அதட்டி வேலை வாங்குமா?"

அனுஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பது வயதில் பொண்ணா? செய்யுதா? மூலையில் சுழலும் இயந்திரத்தைப் பற்றியும் அப்படித்தானே சொல்வார், நல்லா சுத்துது என்று.

"லாயிட் டியூப்ல லேபிளை மாத்தி ஒட்டிட்டாரே, அதைக் கண்டுபிடிச்சது யாரு சார்? அவதான். அவ இல்லேன்னா இந்த லேபே ஓடாது."

(இதை எழுதியபோது எனக்கே கைதட்டத் தோன்றியது.)

கதவைத் தள்ளிக்கொண்டு தமயந்தி நின்றாள்.

"எனக்காகப் பேசினீங்க, தேங்க்ஸ் மேடம். சாருக்கு நான் 'அது'. உங்களுக்கு 'அவ'. ஒரு படி ஏறிட்டேன்." சிரித்தாள். பிறகு சிரிப்பில்லாமல் கேட்டாள்: "உங்க வாயிலயே லாயிட் 'அவரு', நான் 'அவ'ன்னா, நாளைக்கு அவரு எப்படி மேடம் என் பேச்சைக் கேப்பாரு?"

அன்பில் அப்படி வந்துவிட்டது என்று அனுஷா இழுத்தாள்.

"லாயிட் மேல அன்பு இல்லையா மேடம்?"

அனுஷா கையிலிருந்த தாளைப் புரட்டினாள். நானும் என் தாளை—

4

கதை இங்கே நின்றுபோனது. அனுஷாவை மாட்டிவிட்டு நான் நழுவப் பார்த்தேன். இரண்டாம் பகுதியைத் திரும்பப் படித்தேன். நீங்களும் படியுங்கள். யார் வந்தாள்? யார் வந்தார்? திட்டுவதற்கென்றே உண்டாக்கிய ஆளுக்குக்கூட 'ஆர்' போட்டிருக்கிறேன்.

கதை எழுதும் வழக்கம் அது என்று சொல்லலாம். வழக்கம்தான். அதுதான் எரிகிறது. சாய்வு மனதின் ஆழத்தில் ஒளிந்திருக்கும் என்று பயிற்சியில் சொல்கிறார்கள். ஆழமாவது, ஒளிவதாவது. பட்டப்பகலில் வினையின் வாலில் ஆடிக்கொண்டிருக்கிறது.

மாற்றிப் போட்டு வாசித்துப் பார்த்தேன்: 'தமயந்தி வந்தார். லாயிட் வந்தான்.' உறுத்தியது. எவ்வளவு உறுத்தியதோ அதுதான் என் சாய்வின் அளவு. இனி எழுதும் எதையும் இப்படி மாற்றிப் பார்க்காமல் விடுவதில்லை. மேலே எழுதியதை மட்டும் திருத்தவில்லை. எல்லோருக்கும் தெரியும்படி இருக்கட்டும்.

5

தமயந்திக்குப் பதவி கிடைத்தது என்று எழுதி, அடித்தேன். அது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் மன்னிப்பு. லாயிட்டுக்குக் கிடைத்தது என்று எழுதி, அதையும் அடித்தேன். பழியைக் கோதண்டராமன் தலையில் போட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கிவிடுவேன்.

ஆகவே இப்படி: தமயந்தியின் நேர்காணலும் முடிந்தது. முடிவை உள்ளேயே சொல்லிவிட்டார்கள். கடைசி வரியின் வாலை நீங்கள் போடுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். பதவி கிடைத்திருந்தால் ஒரு வால், கிடைக்காவிட்டால் வேறு வாலா?

கதவு திறந்தது. தமயந்தி வெளியே வந்த