மறைத்து வைத்த படம்

வீரமுத்துவின் கவுண்டரில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் அந்தப் பக்கம் திறந்ததும் பிரவீனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்றுக் காலமான ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையின் மரண அறிவிப்பு அது. அவர் முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டு பிரவீனாவின் அப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களாமா? எந்த அறிவிப்பத் தொறந்தாலும் இவரு வந்து நிக்கிறாரு," என்றார் வீரமுத்து. தெப்ராவில் பல வருடங்களாக ஈமச்சடங்குச் சேவை நடத்துபவர். "போன்ல பாத்தா அழகா இருக்கு. இதுல மட்டுந்தான்லா இந்தக் கூத்து."

கூத்துக்குக் காரணம் அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. போன மாதம் இந்த இணையத்தளத்தை உருவாக்கியவளே அவள்தான். படம் வரும் இடம் எப்படி அமைகிறது என்று பார்க்க ஏதாவது ஒரு முகம் வேண்டியிருந்தது. அப்பாவின் படத்தை வைத்தாள். பதினான்கு வயதில் அவள் படிவம் இரண்டில் படித்தபோது, சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று பையைத் தூக்கிக்கொண்டு போனவர், போனவர்தான். செத்தவர்கள் வரிசையில் அவரை வைத்தபோது மனதுக்கு இதமாகக்கூட இருந்தது, உண்மையைச் சொல்ல என்ன வெட்கம். வேலை முடிந்ததும் படத்தை அழிக்காமல், கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து மட்டும் வைத்தாள். புதிய பிரௌசர்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. இந்தக் கிழட்டுப் பிரௌசருக்கு அவள் எழுதியது விளங்கவில்லை. உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துக் காட்டிவிட்டது. அதை மாற்றவும் முடியாது, ரசீது அடிக்கும் பிரிண்டர் அந்தக் கம்ப்யூட்டரோடு மட்டும்தான் ஒத்துப்போகும்.

"மாதிரிக்கு வெச்ச படம் அங்கிள். இப்பவே எடுத்துர்றேன்," என்று மடிக்கணினியைத் திறந்தாள். காது மடல் சுட்டது.

"பரவால்லமா. நான் நம்ம பையன்தான் பழைய படத்த மாத்திப் போட்டுட்டான்னு ஏசிட்டேன். இவரு நாங்க காரியம் எடுத்துச் செஞ்ச ஆளுதானே."

அவள் விரல்கள் நின்றுவிட்டன. "யாரு?"

"இவருதான். செடெனாக்ல செம்பனைத் தோட்டத்துல வேலை செஞ்சவரு. ரெண்டு வருஷம் ஆயிருச்சு. இதுல எளசா இருக்காரு, ஆனா அந்தப் புருவத்துல வெட்டு பாருங்க. கடைசியா ஷேவ் பண்ணி விட்டதே நான்தான், மறக்குமா? கனகராஜ்."

அப்பாவின் பெயரை அவள் சொல்லவே இல்லை. செடெனாக்! சிங்கப்பூர்கூட இல்லை, இங்கே பக்கத்திலேயே. குலாய் தாண்டி எத்தனை முறை அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே கார் ஓட்டியிருக்கிறாள்.

"யாரு கொள்ளி வெச்சாங்க?" என்றாள்.

"யாரும் வரலமா. அவரு ஐசி கார்டுல இருந்த வெலாசத்துக்கு நானே போய்ப் பாத்தேன். அந்தத் தாமான் வீட்டுல வேற ஆளுங்க குடியிருந்தாங்க. கூட வேலை செஞ்ச பங்களாதேஷ் பையனுங்கதான் தூக்குனாங்க. கொள்ளி நான் வெச்சேன்."

அந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லி அம்மாவை நச்சரித்தவள் பிரவீனா. மாட்டவே மாட்டேன் என்று அம்மா அழுதாள். அவரு திரும்பி வந்தா எங்கேனு தேடுவாரு என்பதுதான் அவளுடைய ஒரே பதில். வந்தது அவர் இல்லை, வீரமுத்து. கதவைத் தட்டியபோது திறக்க அம்மா அங்கே இல்லை. கோபத்தில் அவள் சாகடித்து வைத்தவர், அதற்கு முன்பே செத்துப்போயிருந்தார்.

பக்கம் புதிதாக வர வீரமுத்து எட்டி ஒரு விசையைத் தட்டினார். அப்பா அப்படியேதான் இருந்தார். "இன்னும் போகலையேமா. ஆமா, இந்தப் படம் ஒங்களுக்கு எப்படிக் கெடச்சுது?"

அவள் வாய் திறப்பதற்குள் போன் அடித்தது. அம்மா. எடுக்காவிட்டால் விடாமல் அடிப்பாள்.

"பிரவீனா, வர்ற வழியில குங்குமம் ஒரு டப்பா வாங்கிட்டு வாடி. காலையில பாக்குறேன், சுத்தமா இல்ல. வெறும் நெத்தியோட ஒக்காந்திருக்கேன்."

பிரவீனா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வீரமுத்து அவள் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடியும் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்.

"என்னடி, லைன்ல இருக்கியா?" என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.