இரட்டைத்தாழ்

மருந்துக்கடைக்காரர் காலையிலேயே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தையல்கடைச் சுவரில் அதைச் சாய்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தாப்பா, தப்பா எடுத்துக்காத. அந்தப் பேரை இறக்கிடு. ஊர் நல்லா இல்ல."

தையல்காரர் ஏணியைப் பார்த்தார், தலைக்கு மேலிருந்த பலகையைப் பார்த்தார், கடைசியாக மனைவியைப் பார்த்தார். அவள் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியும். நேற்றிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நீலத் தகரப் பலகையில் வெள்ளை எழுத்து: 'இரட்டைத்தாழ் டெய்லர்ஸ்'. அந்தத் தாழை வைத்துத்தான் ஊருக்கு அவர் 'தாப்பா'.

முந்தாநாள் வரை அது சிரிப்பு வரவழைக்கிற பெயராக மட்டுமே இருந்தது. முந்தாநாள் மதியம் புது மார்க்கெட் கட்டடத்தின் கூரை, கீழே ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே இறங்கிவிட்டது. இடிபாட்டை இன்னும் முழுதாக அள்ளி முடிக்கவில்லை. கட்டியவன் தலைமறைவு. தொலைக்காட்சியில் இடிந்த கூரையைக் காட்டும்போதெல்லாம் அதன் முன்னால் நடப்பட்டிருந்த பலகையையும் காட்டினார்கள். 'இரட்டைத்தாழ் கட்டுமானம்'.

வேறு ஏதாவது பெயராக இருந்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றியிருக்காது. ஊருக்கு நாலு பேர் வைத்திருக்கிற பெயரென்றால் யார் யாரையோ கைகாட்டிவிட்டுப் போகலாம். இந்தப் பெயரில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒளிய முடியாதபடி செய்தவர் வேறு யாருமில்லை, அவள் கணவர்தான்.

அளவு கொடுக்க வந்தவர்கள் ஒருத்தரையும் அவர் பெயர்க்கதை கேட்காமல் அனுப்பியதில்லை. இடுப்பைச் சுற்றி நாடாவைப் போட்டுவிட்டால் ஆள் நகர முடியாதே. "இந்தப் பேர் எங்க வந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். அந்தக் காலத்தில் ஒரு கலவரம். உயிருக்குத் தப்பி ஓடிவந்த ஒரு குடும்பத்தைத் தன் வீட்டுக்குள் விட்டாராம் ஒரு மனிதர். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கதவுக்கு இரண்டு தாழ் போட்டு விடியும்வரை முதுகைக் கொடுத்து நின்றாராம். அன்றிலிருந்து அவர் இரட்டைத்தாழ், அவர் பிள்ளைகள் இரட்டைத்தாழ். "நாடு பூரா சல்லடை போட்டுச் சலிச்சாலும் நாலே வீடு. நாலும் ஒரே ரத்தம்!"

அவள் அப்பா உயிரோடிருந்தவரை இந்தக் கதையை நம்பியதே இல்லை. "அட போங்க மாப்பிள்ளை. எவனோ ஒரு பயந்தாங்கொள்ளி பட்டப்பகல்ல ரெண்டு தாப்பாவும் போட்டுட்டு உள்ள உக்காந்திருப்பான். ஊர்க்காரன் கிண்டலுக்கு வச்ச பேரு. அதைப் போய் நீங்க பட்டம் மாதிரி மாட்டிக்கிட்டுத் திரியறீங்க." பெண் பார்க்க வந்த அன்று அவர் அடித்த இந்தக் கிண்டலுக்கு மாப்பிள்ளை கோபப்படாமல் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவள் சம்மதித்தாள்.

நாலு வீட்டையும் டெலிபோன் டைரக்டரி புரட்டிக் கண்டுபிடித்ததும் கணவர்தான். ஒருவர் கப்பலில் வேலை பார்த்தவர். அவருக்குப் பிள்ளைகள் மூன்றும் பெண்கள், கல்யாணமாகிப் போனதும் பெயரும் போய்விட்டது. இன்னொருவர் வாத்தியார். நீளம் தாங்காமல் பெயரை 'இ.' என்று ஒரே எழுத்தாகக் கத்தரித்துக்கொண்டு, "இனிமே போன் பண்ணாதீங்க" என்றார். பெயரோடு மிச்சமிருந்தவை இரண்டே வீடு. ஒன்று இந்தத் தையல்கடை. இன்னொன்று அந்தக் கான்ட்ராக்டர்.

"பெரிய ஆளு. எனக்கு அண்ணன் முறை" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

மருந்துக்கடைக்காரர் போனபிறகும் ஏணி சாய்ந்தபடியே நின்றது. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிப் போகத்தான் வந்தார்கள். ஒருவர் பாதி தைத்த கோட்டைக் கை இல்லாமலே சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். கல்லூரியிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அம்மா, வருகைப் பதிவுல என் பேரைக் கூப்பிட்டாங்க. கிளாஸே திரும்பிப் பாத்துச்சு. நான் பதில் சொல்லவே இல்லம்மா."

போனை வைத்ததும் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. "இங்க பாருங்க. யார் கேட்டாலும் ஒரே வார்த்தை. 'அவனுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல.' சொல்லிப் பாருங்க."

"அவனுக்கும் எனக்கும்..." என்று அவர் தொடங்கி, தொண்டையைச் செருமினார். "சொல்லிடுவேன்."

"இப்பவே சொல்லுங்க."

"சொல்லிடுவேன்மா." இஸ்திரி போடுவதாகச் சொல்லிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போய்விட்டார்.

வெயில் சாயும் நேரத்தில் ஒரு பெண் படியேறினாள். நாற்பது வயதிருக்கும். தோளில் ஒரு பை. கையிலிருந்த துணியில் விலைச்சீட்டு அப்படியே இருந்தது. இப்போதுதான் தெருமுனையில் வாங்கியிருக்க வேண்டும்.

"ஒரு சட்டை தைக்கணும்."

இன்றைக்கு வந்த முதல் துணி. அவள் ஆவலாக எழுந்து நாடாவை எடுத்தாள். தோள், முதுகு, கழுத்து. மார்பைச் சுற்றி நாடாவைக் கொண்டுவரும்போது அந்த உடம்பு விறைத்தது.

"மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்கம்மா. அளவு தப்பாயிடும்."

அந்தப் பெண் மூச்சை விட்டாள். 

"யார் பேர்ல எழுதட்டும்?"

அந்தப் பெண் தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பில்லுக்குப் பேர் வேணுமே."

"உங்க பேர்தான் அக்கா எனக்கும்."

புரிய ஒரு கணம் பிடித்தது. நாடாவின் இரண்டு முனையும் அவள் கையில் இருந்தன. நடுவில் அந்தப் பெண் நின்றாள். மிச்சமிருந்த இரண்டு வீட்டில் ஒன்று இதுவென்றால், இவள் எந்த வீடு என்று கேட்க வேண்டியதே இல்லை.

"லாட்ஜுல அடையாள அட்டையைப் பாத்ததும் ரூம் இல்லேங்கறாங்க. எங்கம்மா வீட்டு வாசல்ல கூட்டம் நிக்குது. வேற எங்க போறதுன்னு..." அந்தப் பெண் வார்த்தைகளை விழுங்கி விழுங்கிப் பேசினாள். "உங்க வீட்டுக்காரர் ஒருதரம் எங்களுக்குப் போன் பண்ணினார். எங்க வீட்டுக்காரருக்கு நேரமில்ல, என்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டார். முழுசும் நான்தான் கேட்டேன். நம்ம பேர் உள்ளவங்களுக்கு எங்க வீட்டுக் கதவு எப்பவும் தொறந்தே இருக்கும்னு சொன்னார். நேரா சொல்லத் தைரியமில்லாம துணி வாங்கிட்டு வந்தேன்."

"அவர் எல்லார்கிட்டயும்தான் சொல்வார்!" அவள் நாடாவை இழுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "அவர் பேச்சை எல்லாம் ஒரு பேச்சுன்னு நம்பி... ஐயோ, யாராவது பாத்தா கடையையே கொளுத்திடுவாங்கம்மா. எங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்கு. கிளம்புங்க, தயவுசெஞ்சு கிளம்புங்க."

அந்தப் பெண் மறுபேச்சுப் பேசாமல் பையை எடுத்தாள். அது ஏனோ அடித்ததுபோல் வலித்தது.

அதற்குள் தெருவில் குரல்கள் கேட்டன. எதிர்ச்சாரியில் பத்துப் பன்னிரண்டு பேர் திரண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவன் மட்டும் சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தான். லாரி டிரைவர். இந்தக் கடையின் நெடுநாள் வாடிக்கை. மருந்துக்கடைக்காரர் அவன் பின்னாலேயே ஓடிவந்தார். கடைக்குப் பின்வாசல் கிடையாது. அவள் அந்தப் பெண்ணைப் பிடித்து ட்ரையல் ரூமுக்குள் தள்ளித் திரையை இழுத்துவிட்டாள். அந்தத் திரை தரைவரை எட்டாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

தெருக்கூச்சல் எட்டியதும் தடுப்புக்குப் பின்னால் தையல் மெஷினை நிறுத்திவிட்டுத் தையல்காரர் வந்தார். மெஷின் இரைச்சலில் இவர்கள் பேசியது கேட்கவில்லை, உள்ளே யாரோ இருப்பது அவருக்குத் தெரியாது.

"தாப்பாண்ணே, என் தம்பி பேண்ட் எங்க?"

"நாளைக்குத் தர்றேன்னேனேப்பா. வெட்டி வச்சிருக்கேன், இன்னும் மூட்டல."

"மூட்ட வேண்டாம். வெட்டினதை அப்படியே குடு."

"ஏம்ப்பா? ஒரு மணி நேரத்துல..."

"ஒத்தைக் காலுக்கு எப்படித் தைப்ப?"

 தையல்காரர் மேசையில் எதையோ தேடுவதுபோல் கைகளால் துழாவினார். துணி கண்முன்னேதான் இருந்தது. அதை மடித்துக் கொடுத்தார். டிரைவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன். அந்தக் கான்ட்ராக்டர் உனக்கு யாரு?"

இதோ வந்துவிட்டது. காலையிலிருந்து அவள் ஊட்டி ஊட்டி வைத்த வாக்கியம். அவர் உதடுகள் அதற்குத் தயாராவது தெரிந்தது. சொல்லிவிட்டால் கடை பிழைக்கும், மகள் தலை நிமிர்ந்து நடப்பாள். சொல்லிவிட்டால் திரைக்குப் பின்னாலும் அது கேட்கும்.

"அவன் மூஞ்சியைக்கூட நான் நேர்ல பாத்ததில்ல" என்றார் தையல்காரர்.

"அதைக் கேக்கல. சொந்தமா, இல்லையா?"

"இத்தனை வருஷமா உன் இடுப்புல நாடாவைப் போட்டுக்கிட்டு அண்ணன், அண்ணன்னு பீத்தியிருக்கேன். இன்னைக்கு மட்டும் இல்லேன்னு சொன்னா, நீயும் நம்பமாட்ட, எனக்கும் வாய் வரல." அவர் நெற்றியைத் துடைத்தார். "சொந்தம்தான்னு வச்சுக்கோ. அவன் இந்தப் படியேறினா நானே கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் ஸ்டேஷன்ல விடுவேன். உன் தம்பி காலுக்கு நான் என்னப்பா சொல்லுவேன்? என்னத்தைச் சொல்லுவேன்?"

 டிரைவரின் பார்வை அவரை விட்டு விலகி, திரைக்குக் கீழே நின்றுவிட்டது. அங்கே இரண்டு பாதங்கள் தெரிந்தன.

"உள்ள யாரு?"

"என் ஓரகத்திப்பா. ஊர்லேர்ந்து வந்திருக்கா" என்றாள் அவள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய். கணவனின் சகோதரன் மனைவி என்றால் வீட்டு மனுஷி, யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள் என்றுதான் அந்த முறை நாக்கில் வந்தது.

மருந்துக்கடைக்காரர் நல்ல மனிதர். யோசிக்காமல் பேசுகிற நல்ல மனிதர். "ஓரகத்தியா? தாப்பாவுக்குத்தான் கூடப்பொறந்தது ஒண்ணுமில்லையே. ஒத்தைப் பிள்ளையாச்சே..." என்றவர், அண்ணன் முறைக்காரன் ஒருவன் இருப்பது உறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

தையல்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் முகத்திலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. வந்து அவளோடு திரைக்கு முன்னால் நின்றார்.

திரையை உள்ளிருந்தே விலக்கிக்கொண்டு அந்தப் பெண் வெளியே வந்தாள்.

"அவர் எங்க இருக்கார்னு எனக்குத் தெரியாது. என் போனையும் எடுக்கல. தெரிஞ்சிருந்தா போலீஸ்ல நானே சொல்லியிருப்பேன்." அவள் டிரைவரின் கக்கத்திலிருந்த துணியைப் பார்த்தாள். "தம்பி எந்த ஆஸ்பத்திரியில..."

"கேக்காதீங்க." அவன் துணியை இன்னும் இறுக்கிக்கொண்டான். "நீங்க அதைக் கேக்காதீங்க."

அவன் கை முஷ்டியாவதும் விரிவதுமாக இருந்தது. அடிக்கத்தான் வந்தவன். அடிக்க வேண்டிய ஆள் இங்கே இல்லை.

எதிர்ச்சாரியிலிருந்து ஒருவன் கத்தினான். "என்னண்ணே! அவன் உள்ள இருக்கானா?"

டிரைவர் வாசலுக்குப் போனான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்ல" என்று கத்தினான் அவன். "யாரோ சொந்தக்காரங்க வந்திருக்காங்க."

பிறகு, திரும்பாமலே, உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். "கதவைச் சாத்திக்கோண்ணே. என் மனசு மாறறதுக்குள்ள சாத்திக்கோ. அவங்களை எவ்வளவு நேரம் பிடிச்சு வைப்பேன்னு எனக்கே தெரியல."

அவன் படியிறங்கினான். மருந்துக்கடைக்காரரும் கையைப் பிசைந்துகொண்டே பின்னால் போனார்.

தையல்காரர் இரண்டு கதவையும் இழுத்து மேல்தாழைப் போட்டார். கீழ்த்தாழ் துருப்பிடித்துக் கிடந்தது. கடை திறந்த நாளிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை. இரட்டைத்தாழ் கடையில ஒத்தைத் தாப்பாதானா என்று அவள் அப்பா கேலி செய்வார். அவள் தரையில் மண்டியிட்டாள். தாழ் இறங்கவேண்டிய குழியை வருஷக்கணக்கான நூல்பிசிறும் தூசியும் அடைத்திருந்தன. கத்தரியின் நுனியால் குத்திக் குத்திக் கிளறி எடுத்தாள். வெள்ளை நூல், கறுப்பு நூல், ஒரு சின்னப் பொத்தான்.

"கதவை அழுத்திப் பிடிங்க. இன்னும். நீயும் வந்து பிடி."

அந்தப் பெண் ஓடிவந்து தோளைக் கொடுத்தாள். இரண்டு பேர் தள்ள, அவள் கத்தரிப்பிடியால் ஓங்கித் தட்ட, தாழ் முனகிக்கொண்டே குழிக்குள் இறங்கியது.

மூவரும் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார்கள். அவள் நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்டது. அப்பா சொன்னதும் சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. பயந்தவன்தான் இரண்டு தாழ் போட்டிருப்பான். உள்ளே இன்னொருத்தரை விட்டுவிட்டதால் பயந்திருப்பான்.

வெளியே காலடிகள் நெருங்கின. டிரைவரின் குரல் ஏதோ தடுத்துச் சொல்வது கேட்டது. அதை மீறி வேறு குரல்கள். சுவரில் ஏணி உரசியது. தலைக்கு மேல் ஓர் அடி, இன்னோர் அடி. தகரம் கிழிகிற சத்தம். பிறகு நீலப் பலகை தெருவில் விழுந்து தடதடவென்று அதிர்ந்து அடங்கியது. யாரோ கதவை ஓர் உதை உதைத்தார்கள். கதவு குலுங்கியது. இரண்டு தாழும் நின்றன.

குரல்கள் மெல்ல விலகின. போய்விட்டார்களா, இன்னும் ஆட்களைக் கூட்டிவரப் போனார்களா, தெரியவில்லை.

"பேர் போச்சு" என்றார் தையல்காரர், மெதுவாக.

"தகரம்தான் போச்சு. வாயைக் கட்டியிருந்தா அதுவும் இருந்திருக்கும்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழுத்தில் தொங்கிய நாடாவை உருவினாள். பக்கத்திலிருந்தவள் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"கையை நீட்டும்மா. கை அளவு இன்னும் எடுக்கல."